கூரைச் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், பர்மிங்ஹாம், லெஸ்டர், மான்செஸ்டர் என்று பிரித்தானிய நகரங்களின் உயர்ந்த கட்டடங்களை நிர்வகிக்கும், இரவுக்காவல் பார்க்கும், கண்ணாடி துடைக்கும், கூரை செப்பனிடும் தமிழ் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் வேலை செய்யும் கட்டடத்தின் உச்சியில் பைரி என்னும் வேட்டைப்பறவை (peregrine falcon) குடியிருக்கலாம். பொரி வல்லூறு என்று சொன்னால் சிலருக்கு உடனே தெரியும். அதன் கூடு பிழைப்பதும் அழிவதும் பிப்ரவரி தொடங்கி ஜூலை முடியும்வரை கூரைக் கதவை யார், எதற்காகத் திறக்கிறார் என்பதைப் பொறுத்தது. சட்டம் இருக்கிறது, பறவை ஆர்வலர்கள் இருக்கிறார்கள், கேமராக்களும் இருக்கின்றன. ஆனாலும் ஏப்ரல் மாதத்து ஈரக் காலையில் குளிர்சாதன இயந்திரம் பார்க்க ஒருவர் மேலே ஏறிவிட்டால் இவை எதுவும் அந்த நேரத்தில் உதவாது. சாவி உங்களிடம் இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறோம்.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. கட்டட உரிமையாளர்களுக்கும் பெரிய ஒப்பந்த நிறுவனங்களுக்கும் ஆங்கிலத்தில் வழிகாட்டிகள் போய்ச் சேர்கின்றன. இரவு இரண்டு மணிக்குக் கூரையைச் சுற்றிப் பார்க்கும் காவலரிடம் அவை இறங்கி வருவதே இல்லை. அந்த வேலையில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பறவை அந்நியமும் அல்ல. இதே இனத்தின் தெற்காசிய வகையான ஷாஹீன், சிகிரியாக் குன்றின் பாறை முகத்தில் வாழ்கிறது.

இந்த நாட்டில் பைரி பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரில் செய்தி சுமந்த புறாக்களைப் பிடிக்கிறது என்று 1940-இல் அரசே ஆணை போட்டுச் சுமார் 600 பைரிகளைக் கொன்றது. போர் முடிந்ததும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும், அதன் பிறகு விதைகளில் பூசிய டீல்ட்ரின் போன்ற நஞ்சுகளும் வந்தன. பைரிகள் பெருகிவிட்டன என்று புறா வளர்ப்போர் முறையிட்டதால்தான் 1961-62 கணக்கெடுப்பே நடந்தது. அது காட்டியதோ நேர்மாறான நிலை. பல மலைப்பாறைகள் வெறிச்சோடியிருந்தன, இருந்த இணைகளிலும் பல குஞ்சு பொரிக்கவில்லை. டெரெக் ராட்கிளிஃப் என்ற பறவை ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடைபோட்டு அளந்து பார்த்து, 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டதை 1967-இல் வெளியிட்டார். அடைகாக்கும் தாயின் எடையையே தாங்காமல் முட்டைகள் உடைந்திருக்கின்றன. நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பிறகு பறவை மீண்டது. 2014 கணக்கெடுப்பில் 1,769 இணைகள் கிடைத்தன. மீண்டவற்றில் ஒரு பகுதி நகரத்துக்கு வந்தது. லண்டனில் பாராளுமன்றக் கட்டடம், சேரிங் கிராஸ் மருத்துவமனை, பாட்டர்சீ மின்நிலையம் எல்லாம் அதற்குப் பாறைகள்தான். பாட்டர்சீயில் மறுகட்டுமான வேலை தொடங்கியபோது, அங்கிருந்த இணைக்காக உயரமான தனிக் கோபுரம் ஒன்றை நட்டு அதில் கூட்டுப்பெட்டி வைத்தார்கள். அவ்வளவு பெரிய கட்டுமானத் திட்டத்திலேயே அதற்கு இடம் கிடைத்ததென்றால், உங்கள் கட்டடத்தில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

நகரத்துப் பைரியைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அது மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் நடந்துகொள்ளும் என்பது. கீழே பேருந்து ஓடட்டும், சைரன் அலறட்டும், ஆயிரம் பேர் நடக்கட்டும், அது அசையாது. ஆனால் கூடு இருக்கும் மட்டத்திலோ அதற்கு மேலோ ஒரே ஒரு மனிதத் தலை தெரிந்தாலும் அதற்கு அது கொலைகாரனின் தலை. “இவ்வளவு சத்தத்துக்குப் பழகிய பறவைதானே, நான் மெதுவாகப் போய்விட்டு வருகிறேன்” என்று நல்ல மனதுடன் ஏறுபவர்களால்தான் பெரும்பாலான தொல்லை நேர்கிறது. எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று எங்களைக் கேட்பார்கள். மீட்டரைவிட முக்கியம், கூட்டிலிருந்து பார்த்தால் நீங்கள் தெரிவீர்களா என்பது. கட்டடத்தின் எதிர்ப்பக்கத்தில், இயந்திர அறைக்குப் பின்னால், 30 மீட்டரில் செய்யும் வேலையைப் பல இணைகள் பொறுத்துக்கொள்ளும். அதே 30 மீட்டரில், நேர்ப் பார்வையில், கைப்பிடிச்சுவருக்கு மேல் தலையை நீட்டினால் பறவை முட்டையை விட்டு எழுந்துவிடும்.

எழுந்தால் என்ன ஆகும்? முட்டை குளிர்ந்துபோகும். குஞ்சுகள் பொரித்து முதல் பத்து நாட்களுக்கு அவற்றால் சொந்த உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. மழையும் காற்றும் சேர்ந்த நாளில் தாய் சிறிது நேரம் விலகினாலே உயிருக்கு ஆபத்து. அதோடு பதறி எழும் பறவையின் காலில் பட்டு முட்டை உருளும். “கக்-கக்-கக்” என்று விடாமல் கரகரத்துக்கொண்டு ஒரு பைரி உங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டால், நீங்கள் ஏற்கெனவே தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். வேடிக்கை பார்க்காமல், படம் எடுக்காமல், வந்த வழியே உடனே இறங்குங்கள். குஞ்சு உள்ள காலத்தில் அது உங்கள் தலையையும் தாக்கும். கூரை விளிம்பில் நிற்கும் ஆளுக்கு அது வெறும் கீறலோடு முடிகிற விஷயம் அல்ல. பணியிடப் பாதுகாப்பு அறிக்கை எழுதும் மேலாளர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவற்றின் ஆண்டு ஏறத்தாழ இப்படிப் போகும். பிப்ரவரியில் இணை தன் இடத்தில் நிலைகொள்ளும். ஆண் இரை கொண்டுவந்து கொடுக்கும், இரண்டும் சரளையில் நெஞ்சால் அழுத்திப் பள்ளம் பறிக்கும். மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் முட்டை வரும். சுமார் இரண்டு நாளுக்கு ஒன்றாக 3 அல்லது 4 முட்டைகள். முதல் முட்டையிட்டதுமே முழு அடை தொடங்காது. மூன்றாவது முட்டை வரும்வரை பறவை பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கும். “கூட்டைக் கைவிட்டுவிட்டது, இப்போது மேலே போகலாம்” என்று பலர் தவறாக முடிவு செய்வது இந்த நாட்களில்தான். முழு அடை தொடங்கிய பிறகு ஒரு மாதத்தைச் சற்றே தாண்டிக் குஞ்சு பொரிக்கும். பொரித்து ஐந்து முதல் ஆறு வாரத்தில் பறக்கும். உடல் சிறிதான ஆண் குஞ்சுகள் முந்திக்கொள்ளும். ஆக, முதல் பறப்பு பெரும்பாலும் ஜூன் மாதத்தில். பறந்த பிறகும் இரண்டு மாதம் போலத் தாய் தந்தையரிடம்தான் சாப்பிடும். முதல் முட்டைகள் சீக்கிரமே அழிந்தால் சில வாரங்களில் மறுபடி இடக்கூடும். அப்போது முழு அட்டவணையும் ஒரு மாதம் தள்ளிப்போகும். எனவே ஜூலை 1 வந்ததும் கதவைத் திறந்துவிடலாம் என்று நாள்காட்டியை மட்டும் நம்பாதீர்கள்.

உங்கள் கட்டடத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கூரைக்கு ஏறத் தேவையே இல்லை. காலையில் கட்டடத்தைச் சுற்றி நடைபாதையைப் பாருங்கள். இரண்டு இறக்கைகளும் நெஞ்செலும்போடு ஒட்டியபடி, சதை மட்டும் நீங்கிக் கிடக்கும் புறா எலும்புக்கூடு பைரியின் கைவரிசை. நெஞ்செலும்பின் விளிம்பில் முக்கோணமாகக் கடித்தெடுத்த தடயம் இருந்தால் இன்னும் உறுதி. சுவர் விளிம்புக்குக் கீழே வெள்ளையாக நீளமாக வழிந்த எச்சமும் ஒரு குறி. பிறகு 150, 200 மீட்டர் தள்ளித் தெருவிலிருந்தோ எதிர் வாகன நிறுத்தத்திலிருந்தோ பைனாகுலரில் பாருங்கள். முக்காலியில் வைத்த 20-60 மடங்கு தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. முதிர்ந்த பறவைக்கு முதுகு கருஞ்சாம்பல், நெஞ்சில் குறுக்குக் கோடு, கண்ணுக்குக் கீழே மீசை போன்ற கரும்பட்டை. இளம்பறவை பழுப்பு, நெஞ்சில் நெடுக்குக் கோடு. மார்ச் இறுதியில் எப்போதும் ஒரு பறவைதான் கண்ணில் படுகிறது, மற்றது காணவில்லை என்றால் அடை தொடங்கிவிட்டது. ஆண் இரையோடு வந்து அழைக்க, பெண் வெளியே வந்து அதை வாங்கிக்கொள்ள, ஆண் உள்ளே போய் உட்கார்ந்தால் அது அடைமாற்று. இரையைச் சிறு துண்டுகளாகக் கிள்ளி கூட்டுக்குள் குனிந்து கொடுப்பது தெரிந்த நாள்தான் குஞ்சு பொரித்த நாளாக நாங்கள் குறிப்பது. காவலில் இருப்பவர்கள் ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, நேரம், எந்தப் பறவை, என்ன செய்தது என்று நான்கு சொல்லில் எழுதிவைத்தாலே போதும். வாரத்துக்கு ஒருமுறை வரும் எங்களைப் போன்றோரின் குறிப்பைவிட, பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே நிற்பவரின் குறிப்பு எத்தனையோ மடங்கு மதிப்புள்ளது. இரவில் பார்த்ததையும் எழுதுங்கள். நகர வெளிச்சத்தில் பைரி இரவிலும் வேட்டையாடுகிறது. இரவில் வலசை போகும் நீர்க்கோழி, முக்குளிப்பான் போன்ற பறவைகளின் மிச்சங்கள் நகர நடுவே கிடைப்பது அதனால்தான்.

இனிக் கூட்டுத் தட்டு, அதாவது பைரி முட்டையிட நாம் வைத்துக்கொடுக்கும், கூழாங்கல் நிரப்பிய மரத்தட்டு. பைரி சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. பாறை இடுக்கில் சரளையில் பள்ளம் பறித்து இடும். நம் கட்டடங்களிலோ தார்த்தாளும் ஈயத் தகடும் சிமெண்டுமே இருக்கின்றன. வேறு வழியில்லாமல் கூரையின் மழைநீர்ப் பீலியில் இடும். ஒரே ஒரு கனமழை போதும், நீர் தேங்கி முட்டைகள் மிதக்கும். வெறும் தரையில் இட்டால் உருண்டு பிரியும், தாயால் எல்லாவற்றையும் ஒன்றாக மூட முடியாது. டெர்பி பேராலயத்தின் 65 மீட்டர்க் கோபுரத்தில் 2006-இல் ஒரு தட்டு வைத்த பிறகுதான் அங்கே குஞ்சுகள் வளரத் தொடங்கின. நார்விச் பேராலயத்தில் ஊசிக்கோபுரத்தின் 75 மீட்டர் உயரத்தில் 2011-இல் வைத்தார்கள். செலவு அதிகமில்லை. தேவைப்படுவது சரியான அளவும் சரியான இடமும்தான்.

18 மி.மீ. வெளிப்புறத் தர ப்ளைவுட்டில் 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறமும் இரு பக்கமும் 45 செ.மீ. உயரச் சுவர், முன்புறம் 15 செ.மீ. விளிம்பு. உள்ளே 7 அல்லது 8 செ.மீ. ஆழத்துக்கு 10 மி.மீ. அளவுள்ள, உருண்டையான, கழுவிய கூழாங்கல். உடைத்த கருங்கல் ஜல்லி வேண்டாம், கூர்முனை ஓட்டைக் கீறும். மணல் மட்டும் போட்டால் காற்றில் பறந்துவிடும், ஈரத்தில் இறுகும். மண்ணும் மரத்தூளும் வேண்டவே வேண்டாம், அவை மட்கிப் பூஞ்சை பிடித்தால் குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும். அடிப்பலகையில் 10 மி.மீ. துளைகள் பன்னிரண்டு முதல் பதினைந்து, அவற்றின் மேல் வடிதுணி, பலகைக்கு அடியில் 2 செ.மீ. உயரக் கட்டைகள். கட்டை இல்லாமல் தரையோடு படுக்கவைத்தால் துளை இருந்தும் நீர் வடியாது. நாங்கள் பார்த்த தோற்றுப்போன தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். முன்விளிம்பில் 4 செ.மீ. தடிமனான ஒரு மரக்கழியைப் பொருத்தினால் முதிர்ந்தவை உட்காரும், குஞ்சுகள் இறக்கை அடித்துப் பழகும். வண்ணமும் மரப்பூச்சும் வெளிப்பக்கம் மட்டும். பூசி, மணம் முழுக்கப் போன பிறகு மேலே ஏற்றுங்கள்.

எடையை மறக்காதீர்கள். இந்த அளவுக்குக் கூழாங்கல் மட்டும் 85 கிலோ வரும். மரமும் மழைநீரும் சேர்ந்தால் 100-ஐத் தாண்டும். கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தட்டைக் கூரையில் திருகு ஆணி அடித்து நீர்த்தடுப்புப் படலத்தைத் துளைக்கக் கூடாது. தட்டை ஒரு சட்டத்தில் பொருத்தி, சட்டத்தின் மேல் நடைபாதைக் கற்களைப் பாரமாக வையுங்கள். கூரை ஒழுகத் தொடங்கினால் அடுத்த ஆண்டு நிர்வாகம் தட்டையே எடுத்துவிடும்.

இடம் என்றால், தரையிலிருந்து குறைந்தது 20 மீட்டர், 30-க்கு மேல் இருந்தால் நல்லது. வடக்குக்கும் கிழக்குக்கும் இடையில் முகம். தென்மேற்கிலிருந்துதான் இங்கே மழைக்காற்று அடிக்கும், தெற்கு முகத்தில் மே மாத வெயிலில் குஞ்சுகள் மூச்சிரைத்து வாடும். முன்னால் திறந்த வெளி வேண்டும். குளிர்சாதன வெளிக்காற்று படக் கூடாது. முக்கியமாக, ஏணிக்கும் கூரைக் கதவுக்கும் அடிக்கடி பார்க்க வேண்டிய இயந்திரத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். அழகாகத் தெரிகிறது என்று மேலாளர் அறை ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் அங்கே வேண்டாம்.

தட்டுக்கு வெளியே இருக்கும் ஆபத்துகளையும் இப்போதே பாருங்கள். மூன்று வாரம் தாண்டிய குஞ்சு நடக்கத் தொடங்கும். தட்டுக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி இருந்தாலே விழுந்து சிக்கிக்கொள்ளும். திறந்த புகைக்குழாய், வடிகுழாய் வாய், காற்றுக்குழாய், நீர்த்தொட்டி எல்லாவற்றையும் 25 மி.மீ. கம்பிவலையால் மூடுங்கள். புறாத் தடுப்பு வலை தளர்ந்து தொங்கினால் பைரியும் சிக்கிச் சாகும். இழுத்துக் கட்டுங்கள், இல்லையேல் கழற்றிவிடுங்கள். கைப்பிடிச்சுவர் உயரமாக இருந்தால், பறக்கப் பழகும்போது கூரைக்குள் விழுந்த குஞ்சால் மேலே ஏறி வர முடியாது. உள்மூலைகளில் சரிவாக ஒரு பலகையோ மரத்தண்டோ சாய்த்துவையுங்கள்.

கேமரா வைக்க விரும்பினால் அதுவும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான். மின்சாரமும் படமும் ஒரே இணையக் கேபிளில் போகும் வகையை வாங்குங்கள். அதன் எல்லை 100 மீட்டர். கேபிளை குழாய்க்குள் விடுங்கள், வெளியே விட்டால் குஞ்சுகள் கொத்தும். கேமராவைத் தட்டுக்கு நேர் முன்னால் நட்டால் பறவைகள் அதன் மேலேயே உட்கார்ந்து எச்சமிட்டுக் கண்ணாடியை மூடிவிடும். பக்கச்சுவர் மூலையில், மேலிருந்து சாய்த்துப் பொருத்துங்கள். கீழ்த்தளத்திலிருந்தே அணைத்துப் போடும் வசதி கட்டாயம் வேண்டும். ஏப்ரலில் படம் உறைந்துபோனால் அதைச் சரிசெய்ய யாரும் மேலே போகக் கூடாது. அந்த ஆண்டு படமில்லாமல் போகட்டும். ஜனவரி முழுக்க ஓடவிட்டுச் சோதியுங்கள், பழுது இருந்தால் அப்போதே தெரியும்.

வேலை ஒப்பந்தங்கள் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் பைரி இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், கூடு அமைக்கும்போதோ முட்டை, குஞ்சு உள்ள கூட்டின் அருகிலோ அதைத் தெரிந்தே தொல்லைப்படுத்துவது குற்றம். பொறுப்பற்ற கவனக்குறைவால் தொல்லைப்படுத்துவதும் குற்றமே. பெற்றோரை நம்பியிருக்கும் குஞ்சைத் தொல்லைப்படுத்துவதும் அதில் சேரும். தண்டனை வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “எனக்குச் சொல்லவில்லை” என்று கயிற்றில் தொங்கும் தொழிலாளி சொன்னால், சொல்லாத மேலாளர் மீதுதான் கேள்வி திரும்பும். கண்ணாடி துடைக்கும் தொட்டில், கயிற்று வேலை, இடிதாங்கிச் சோதனை, கைப்பேசிக் கோபுரப் பராமரிப்பு, கூரைச் செப்பம் இவற்றின் ஆண்டு ஒப்பந்தங்களில் “பிப்ரவரி முதல் ஜூலை வரை கூட்டுப் பக்கத்தில் வேலை இல்லை” என்று ஒரு வரி இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கைப்பேசி நிறுவனத்தின் ஆட்கள் தனிச் சாவியோடு வருவார்கள், அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கூரைக் கதவில் ஒரு பூட்டைக் கூடுதலாகப் போட்டு, அதன் சாவியை ஒரே ஒருவரிடம் வையுங்கள்.

வசந்த காலத்தில் பெரிய வேலை தவிர்க்க முடியாதென்றால், முந்தைய இலையுதிர் காலத்திலேயே பக்கத்துக் கட்டடத்திலோ எதிர் முகத்திலோ மாற்றுத் தட்டு வைத்துவிடுங்கள். சாரத்தை டிசம்பருக்குள் ஏற்றி இடைவிடாமல் வேலை நடத்துங்கள். ஜனவரியில் சாரம் கட்டி, பணம் வராமல் ஆறு வாரம் சும்மா விட்டால், அந்தச் சாரத்தின் பலகையிலேயே பைரி முட்டையிடும். பிறகு யார் வந்தாலும் அந்தப் பக்கம் வேலை நின்றதுதான். முட்டை வந்த பிறகு அதை நகர்த்தவோ, பெட்டியில் மாற்றி வைக்கவோ உங்களுக்கும் எங்களுக்கும் உரிமை கிடையாது. உயிருக்கு ஆபத்தான அவசரப் பழுது என்றால், உள்ளூர் வனவிலங்கு அறக்கட்டளையையும் முதலாம் அட்டவணை உரிமம் உள்ள ஒருவரையும் அழைத்து, அவர் பக்கத்தில் நின்று பார்க்க, மழையில்லாத இதமான நேரத்தில் குறுகிய வேலையாகச் செய்யும் வழியைப் பேசுங்கள். வேலை தாமதமாகிறது என்பது மட்டும் அவசரம் ஆகாது.

ட்ரோன் பற்றி ஒரு வரி. பைரி அதை எதிரிப் பறவையாக நினைத்து மேலிருந்து பாயும், விசிறியில் அடிபட்டுச் சாகும். கூரை ஆய்வு செய்யும் நிறுவனங்கள் ஏப்ரலில் ட்ரோனோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

ஜூன் மாதத்தில் உங்களுக்கு நிச்சயம் ஒரு அழைப்பு வரும்: “வாசலில் ஒரு கழுகுக் குஞ்சு உட்கார்ந்திருக்கிறது.” முதல் பறப்பில் தரையில் இறங்கிவிட்ட பைரி அது. சமதரையிலிருந்து எழும்ப அதற்கு இன்னும் பலம் போதாது. காரும் நாயும்தான் அதற்கு எமன். ஒரு பெரிய துண்டை அல்லது மேல்சட்டையை முழுதாக அதன் மேல் போர்த்தி, இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி இரு கையாலும் முதுகுப்புறமாகப் பிடித்துத் தூக்குங்கள். அலகைவிட நகங்கள்தான் ஆழமாகக் குத்தும், தடித்த கையுறை அணியுங்கள். காற்றுத் துளையிட்ட, 50 செ.மீ. நீளமாவது உள்ள அட்டைப்பெட்டியில், அடியில் துண்டு விரித்து, மூடி, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். சோறு, இறைச்சி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். படம் எடுக்கப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். உள்ளூர்ப் பைரிக் கண்காணிப்புக் குழுவையோ விலங்கு மீட்பு அமைப்பையோ அழையுங்கள். இறக்கை தொங்கினாலோ, இரத்தம் தெரிந்தாலோ, கண் மூடித் தள்ளாடினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். நலமாக இருந்தால் அன்றைக்கே உயரத்துக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பக் கொண்டுபோகும்போது செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. கூட்டுத் தட்டுக்கே கொண்டுபோய் வைக்க நினைக்காதீர்கள். உள்ளே இன்னும் பறக்காத உடன்பிறப்புகள் இருந்தால், மனிதனைக் கண்டதும் பயந்து ஒவ்வொன்றாக வெளியே குதித்துவிடும். ஒன்றைக் காப்பாற்றப் போய் மூன்றை இழப்போம். தட்டு கண்ணில் படாத வேறொரு பக்கக் கூரையிலோ, பக்கத்து உயரக் கட்டடத்திலோ பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, மூடியைத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். தானாக நடந்து வெளியே வரும். தூக்கி வானத்தில் எறியவே கூடாது. அது கத்தும் சத்தம் கேட்டுத் தாய் இரையோடு வந்துவிடும், மனிதக் கை பட்டது என்று ஒதுக்காது. ஒரே குஞ்சு இரண்டு மூன்று முறை இறங்கி வருவதும் உண்டு. அதனால் ஜூன் தொடங்கும் முன் வரவேற்பு மேசைக்குக் கீழே பெட்டி, துண்டு, கையுறை, அழைக்க வேண்டிய எண்கள் இவற்றைத் தயாராக வையுங்கள். இரவுப் பணிக்கு வருபவருக்கும் அவை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

மனிதர் தெரிந்தே செய்யும் கேடும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்தில், நேரலைக் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கூட்டுக்கு வந்து மூன்று முட்டைகளையும் அழித்தார். சில புறா வளர்ப்போர் புறாவின் மேல் நஞ்சு தடவிப் பறக்கவிட்ட வழக்குகளும் உண்டு. முட்டைகளையும் குஞ்சுகளையும் வளைகுடா நாடுகளில் விற்கத் திருடுகிறார்கள். 2010 மே மாதம் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் ஒருவர் 14 பைரி முட்டைகளை உடலோடு கட்டிக்கொண்டு துபாய்க்குப் புறப்பட இருந்தார். அவரைப் பிடித்துக்கொடுத்தது ஒற்றறியும் கருவி எதுவுமல்ல. ஓய்வறையின் துப்புரவுப் பணியைக் கவனித்தவர், குளியலறையில் நெடுநேரம் இருந்துவிட்டு வந்த பயணியின் பின்னால் தரை ஈரமே ஆகாமலிருந்ததைக் கவனித்துக் காவல்துறைக்குச் சொன்னார். அவ்வளவுதான். கட்டடத்தைத் தினமும் பார்ப்பவர்களுக்கு எது வழக்கத்துக்கு மாறானது என்று தெரியும் என்பதாலேயே உங்களை நம்புகிறோம். கயிறு, கொக்கியோடு கூரை வழி கேட்பவர், அடையாள அட்டை இல்லாமல் “பறவை ஆய்வாளர்” என்று வருபவர், கூடு சரியாக எந்த மூலையில் என்று துருவித் துருவிக் கேட்பவர், இவர்களைக் குறித்துவையுங்கள். குஞ்சுகளின் காலில் அடையாள வளையமிட வரும் உண்மையான ஆய்வாளரிடம் உரிமம் இருக்கும், முன்கூட்டியே தேதி சொல்லியிருப்பார், குஞ்சுகள் மூன்று வார வயதையொட்டி ஆண்டுக்கு ஒரே முறைதான் வருவார். சந்தேகம் என்றால் காவல்துறையின் 101; குற்றம் கண்முன் நடந்தால் 999. இறந்த பைரியைக் கண்டால் வெறும் கையால் தொடாதீர்கள். நஞ்சாக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். படம் எடுத்து, இடம் நேரம் குறித்து, பிறர் தொடாமல் மூடிவைத்து, வனவிலங்குக் குற்றங்களைப் பார்க்கும் காவல் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள்.

குடியிருப்பவர்களின் முறைப்பாடுகளும் வரும். பலகணியில் புறாத் தலை கிடக்கிறது என்பார்கள், ஜூனில் விடியற்காலையில் கத்துகிறது என்பார்கள். இரண்டும் உண்மைதான், மறுக்க வேண்டாம். வாசலில் விழும் மிச்சத்தைத் தினமும் அள்ளிவிடலாம். கூரையில் சேர்வதை அக்டோபரில் ஒரே முறை முகக்கவசம், கையுறையோடு வாரி எடுக்கலாம். எடுத்ததைக் குப்பையில் போடுமுன் எங்களைப் போன்றோரிடம் காட்டினால் இந்த நகரத்தின் மேல் எந்தெந்தப் பறவைகள் பறந்து போகின்றன என்று தெரியும். சத்தம் ஐந்தாறு வாரத்தில் அடங்கும். ஆனால் “பைரி வந்தால் புறாத் தொல்லை தீரும்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தீராது. புறாக்கள் அந்தக் கூரையை விட்டு விலகும், தெருவை விட்டுப் போகாது. பொய் வாக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டு அதே குடியிருப்பாளர்கள் தட்டை எடுக்கச் சொல்வார்கள்.

மேலாளர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். அக்டோபர் முடிவதற்குள் உங்கள் கட்டடத்தின் அடுத்த ஆண்டு வேலை அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பிப்ரவரி முதல் ஜூலை வரை கூரையில் என்னென்ன வேலை எழுதியிருக்கிறதோ, அவற்றில் எவற்றைக் கிறிஸ்துமஸுக்கு முன் முடிக்கலாம், எவற்றை ஆகஸ்டுக்குத் தள்ளலாம் என்று பிரியுங்கள். பைரி இருக்கும் அறிகுறி இருந்தால் உள்ளூர் வனவிலங்கு அறக்கட்டளைக்குத் தெரிவியுங்கள். சரியான மூலையைப் பொதுவில் எழுதாதீர்கள். தட்டு வைப்பதென்றால் நவம்பருக்குள் வைத்துவிடுங்கள். முதல் ஆண்டே வராவிட்டால் எடுத்துவிடாதீர்கள், சில இடங்களில் பல ஆண்டு காத்திருந்துதான் இணை வந்திருக்கிறது.

காவலில் இருப்பவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. ஜனவரி கடைசி வாரத்தில் கூரையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வடிகுழாய் அடைப்பை நீக்குங்கள், தளர்ந்த வலையைக் கட்டுங்கள், பறக்கக்கூடிய பிளாஸ்டிக் தாள்களை எடுத்துவிடுங்கள், கூழாங்கல்லைக் கையால் கிளறிச் சமப்படுத்துங்கள். பிறகு கதவைப் பூட்டி, “ஜூலை முடியும்வரை அனுமதியின்றித் திறக்காதீர்” என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். பணி மாறும்போது அடுத்தவருக்கு அதை வாயாலும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
நகரத்துப் பைரிகளைக் கண்காணிக்கும் தமிழ் ஆர்வலர்கள்